சிறுகோள் மோதுமா, மோதாதா? நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது பதில்

2025 பிப்ரவரி. உங்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்கும் அது வந்திருக்கும். கடலுக்கு மேலே ஒரு நெருப்புப் பந்து பாய்ந்து வருவது போலப் படம். கீழே ஒரு தேதி: 2032 டிசம்பர் 22. அதற்கும் கீழே, ‘நாசா எச்சரிக்கை!’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி.

படம் கற்பனை. ஆனால் தேதி உண்மை. 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் அந்த நாளில் பூமி மீது மோத வாய்ப்பு இருக்கிறது என்று கணக்கு சொன்னது. ஜனவரி கடைசியில் 1 சதவீதத்தைத் தாண்டிய வாய்ப்பு, பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதம் ஆனது. மோதினால் விழக்கூடிய பாதை கிழக்கு பசிபிக்கில் தொடங்கி, தென் அமெரிக்காவின் வடக்குப் பகுதி, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தெற்காசியா வரை நீண்டது. அதாவது நம்ம பக்கம் வரைக்கும்.

அடுத்த ஒரே வாரத்தில் அந்த எண் 0.004 சதவீதமாகச் சுருங்கியது. இந்தச் செய்தியை மட்டும் குரூப்பில் யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

“முதல்ல ஒரு பர்சென்ட்னாங்க, அப்புறம் மூணுன்னாங்க, கடைசியில ஒண்ணுமே இல்லைன்னாங்க. இவங்களுக்கே ஒண்ணும் தெரியாது போல” என்று யாராவது சொன்னால், நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

கேள்வி நியாயமானதுதான். அதற்கான பதிலைத் தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. தி.நகரிலிருந்து பைக்கில் பத்து, பதினைந்து நிமிடத்தில் போய்விடக்கூடிய நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை போதும்.

லஸ் கார்னரில் பார்த்த பைக்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்கள் நண்பரின் பைக்கை லஸ் கார்னரில் ஒருவர் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மந்தைவெளியில் இன்னொருவர் பார்த்தார். நண்பர் எங்கே போகிறார்?

அடையாறுக்குப் போகலாம். ராஜா அண்ணாமலைபுரத்துக்குள் திரும்பலாம். பட்டினப்பாக்கம் பக்கமும் போகலாம். இரண்டு இடத்தில் பார்த்ததை வைத்துப் பல வழிகளை ஊகிக்கலாம், ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்றாவதாக ஒருவர், “அடையாறு பாலத்துல பார்த்தேன்” என்று சொன்னால், மற்ற வழிகள் அடிபட்டுப் போகும்.

சிறுகோள் விஷயமும் கிட்டத்தட்ட இதேதான். ஒரே ஒரு கூடுதல் சிக்கல்: அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. தொலைநோக்கியில் தெரிவது வெறும் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளியைப் பற்றி நம்மால் அளக்க முடிவது இரண்டு எண்கள்தான். வானத்தில் கிழக்கு-மேற்காக எங்கே இருக்கிறது, வடக்கு-தெற்காக எங்கே இருக்கிறது. தரையில் ஓர் இடத்தைத் தீர்க்கரேகை, அட்சரேகையால் சொல்கிறோம் அல்லவா, அது போல.

ஆனால் சூரியனைச் சுற்றும் ஒரு பொருளின் பாதையை முழுமையாகச் சொல்ல ஆறு எண்கள் தேவை. பாதை எவ்வளவு பெரியது, எவ்வளவு நீள்வட்டமானது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, நீள்வட்டத்தின் மூக்கு எந்தத் திசையைப் பார்க்கிறது, குறிப்பிட்ட நாளில் அந்தப் பொருள் பாதையின் எந்த இடத்தில் இருக்கிறது.

ஒரு முறை பார்த்தால் இரண்டு எண். ஆறு எண் வேண்டுமென்றால் குறைந்தது மூன்று முறை பார்க்க வேண்டும். 1801-ல் இத்தாலியின் பியாஸ்ஸி கண்டுபிடித்த சீரிஸ், சில வாரங்களில் சூரிய வெளிச்சத்துக்குள் போய் மறைந்துவிட்டது. அப்போது 24 வயதுக்காரரான கணித மேதை காஸ், இந்த வழியில்தான் அதன் பாதையைக் கணக்குப் போட்டு, அது திரும்ப எங்கே தெரியும் என்று சொன்னார். அந்த ஆண்டு கடைசி நாளில், அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே அது அகப்பட்டது.

ஆக, விதி எளிமையானது. மூன்றாவது புள்ளி இல்லாமல் பாதை இல்லை. இந்த விதியின் வலியை நேரடியாக அனுபவித்த ஊர் நம்முடையது.

ஆசியாவில் பிடிபட்ட ‘ஆசியா’

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. மழை வந்தால் டிவி கேமராக்கள் வரிசையாக நிற்குமே, அதே வளாகம்தான். அதற்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கட்டிய மெட்ராஸ் வானியல் ஆய்வகத்தின் மிச்சம் அது. தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் அதில் எழுத்து பொறித்திருக்கிறார்கள்.

1861-ல் இங்கே அரசு வானியலாளராக வந்து சேர்ந்தவர் நார்மன் ராபர்ட் போக்சன். வந்த சில வாரங்களிலேயே, ஏப்ரல் 17 இரவு, ஒரு புதிய சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயர். வரிசை எண் 67. அடுத்து சாஃபோ (1864), சில்வியா (1866), கமில்லா (1868), வேரா (1885) என்று மெட்ராஸ் கணக்கில் மொத்தம் ஐந்து சிறுகோள்கள். இவை எல்லாம் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுபவை. பூமிக்கு எந்தத் தொல்லையும் இல்லை.

கம்ப்யூட்டர் கிடையாது, கேமரா கிடையாது. எப்படிக் கண்டுபிடித்தார்? வானத்தின் ஒரு சிறு துண்டுக்கு நட்சத்திர வரைபடம் வைத்துக்கொள்ள வேண்டும். தொலைநோக்கியில் தெரிவதையும் படத்தையும் ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட வேண்டும். படத்தில் இல்லாத ஒரு புள்ளி தெரிகிறதா? அடுத்த இரவு அதே இடத்தில் பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால், மாட்டிக்கிச்சு!

இடத்தை அளந்தால் மட்டும் போதாது. எந்த நொடியில் அது அங்கே இருந்தது என்பதும் சரியாகத் தெரிய வேண்டும். அதனால் அந்தக் கால ஆய்வகங்களின் பாதி வேலை நேரத்தைப் பராமரிப்பதுதான். நுங்கம்பாக்கத்தில் கணக்கிட்ட ‘மெட்ராஸ் நேரம்’, இந்திய நிலையான நேரம் வருவதற்கு முன்பு ரயில்வேக்களின் பொது நேரமாகவே இருந்தது.

இந்த ஆய்வகத்தில் போக்சனின் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874-ல் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்தபோது, அதைச் சாதாரண மக்களுக்குப் புரியவைக்க நம் மொழிகளில் சிறு நூல் வெளியிட்டவர். பஞ்சாங்கக் கணக்கு வானத்தில் நேரடியாகப் பார்ப்பதோடு ஒத்துப்போக வேண்டும், போகவில்லை என்றால் கணக்கைத் திருத்த வேண்டும் என்று வாதாடியவரும் அவர்தான். மயிலாப்பூரில் மாட வீதிக் கடைகளில் ‘திருக்கணிதப் பஞ்சாங்கம்’ என்று பார்த்திருப்பீர்கள். ‘திருக்’ என்பது ‘த்ருக்’, அதாவது பார்வை. பார், கணக்குப் போடு, மறுபடியும் பார், கணக்கைத் திருத்து. இன்றைக்கு நாசா சிறுகோளுக்குச் செய்வதும் இதைத்தான்.

இரண்டு காலை, பிறகு மேகம்

1872 நவம்பர் 27. ஐரோப்பாவில் வானத்திலிருந்து எரிகற்கள் மழையாகக் கொட்டின. பீலா என்ற பழைய வால்நட்சத்திரம் சிதறிய பாதையைப் பூமி கடந்துகொண்டிருந்தது. 1846-ல் இரண்டாக உடைந்து, 1852-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல்போன வால்நட்சத்திரம் அது.

ஜெர்மனியில் இருந்த கிளிங்கர்ஃபியூஸ் என்ற வானியலாளருக்கு ஒரு யோசனை. பீலாவே பூமியை உரசிக்கொண்டு போயிருந்தால், இப்போது அது எதிர்ப்பக்கம், தென் வானத்தில் அல்லவா இருக்க வேண்டும்? அந்த இடம் ஜெர்மனியில் அடிவானத்தை ஒட்டித்தான் தலைகாட்டும். மெட்ராஸிலிருந்து நன்றாகத் தெரியும். நவம்பர் 30 அன்று போக்சனுக்குத் தந்தி பறந்தது: பீலா பூமியைத் தொட்டுவிட்டது, சென்டாரஸ் மண்டலத்தில் தீட்டா நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தேடுங்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை வானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை. முதல் இரண்டு விடியற்காலைகள் மேகத்திலும் மழையிலும் வீணாயின. அடுத்த நாள் மேகத்துக்கு நடுவே கொஞ்ச நேரம் ஒரு நீலத் திட்டு திறந்தது. அங்கே நிஜமாகவே ஒரு வால்நட்சத்திரம்! போக்சன் அதன் இடத்தை அளந்தார். மறுநாள் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அதையும் அளந்தார். அதற்கடுத்த நாள் மறுபடி மேகம். மூன்றாவது புள்ளி கிடைக்கவே இல்லை.

அவ்வளவுதான். கதை முடிந்தது. அதை அதற்குப் பிறகு உலகத்தில் யாரும் பார்க்கவில்லை. அது பீலாவின் துண்டா, சம்பந்தமே இல்லாத வேறொரு வால்நட்சத்திரமா என்பதையும் இரண்டு புள்ளிகளை வைத்துத் தீர்மானிக்க முடியவில்லை. வானியல் பட்டியலில் அதன் பெயர் இன்றும் ‘எக்ஸ்/1872 எக்ஸ்1 போக்சன்’. முன்னால் இருக்கும் அந்த ‘எக்ஸ்’ எழுத்துக்கு அர்த்தம், ‘பாதையைக் கணக்கிட முடியாதது’.

ஒரு மேகமூட்டத்தால் நாம் தொலைத்தது அது. ஆபத்தான ஒன்றாக இருந்திருந்தாலும் இப்படித்தான் தொலைந்திருக்கும்.

புயல் கூம்பை நினைத்துக்கொள்ளுங்கள்

சரி, 2024 ஒய்ஆர்4-க்கு வருவோம். மூன்று புள்ளிக்கு மேலேயே கிடைத்தும், ஏன் எண் ஏறி இறங்கியது?

இதற்கும் அதே நுங்கம்பாக்கம் வளாகத்திலேயே பதில் இருக்கிறது. வங்கக்கடலில் புயல் உருவாகும்போது வானிலை மையம் வெளியிடும் வரைபடத்தைப் பார்த்திருப்பீர்கள். புயல் இப்போது இருக்கும் இடத்திலிருந்து கரையை நோக்கி விரியும் ஒரு கூம்பு. ‘இதற்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம்’ என்று அர்த்தம்.

ஒரு பேச்சுக்கு, திங்கட்கிழமை அந்தக் கூம்பு கரையில் 400 கி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். சென்னையின் பங்கு அதில் 20 கி.மீ. அப்படியென்றால் சென்னைக்கு வாய்ப்பு 5 சதவீதம். செவ்வாய்க்கிழமை புதுத் தகவல் வந்து கூம்பு 200 கி.மீ. ஆகச் சுருங்குகிறது. சென்னை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வாய்ப்பு 10 சதவீதம். புதன்கிழமை 100 கி.மீ. வாய்ப்பு 20 சதவீதம். வியாழக்கிழமை இன்னும் சுருங்கிய கூம்பு மரக்காணம், புதுச்சேரி பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. சென்னைக்கு வாய்ப்பு பூஜ்யம்.

5, 10, 20, அப்புறம் 0. இதில் புயல் மனசை மாற்றிக்கொள்ளவில்லை. வானிலை மையமும் உளறவில்லை. கூம்பு சுருங்கியது, அவ்வளவுதான். கூம்புக்குள் நீங்கள் இருக்கும்வரை, அது சுருங்கச் சுருங்க உங்கள் பங்கு ஏறத்தான் செய்யும். வெளியே வந்த நொடியில் எண் விழுந்துவிடும்.

ஒய்ஆர்4 விஷயத்தில் நடந்தது இதுதான். 2024 டிசம்பர் 27 அன்று சிலியில் இருக்கும் அட்லஸ் தொலைநோக்கி அதைப் பிடித்தபோது, அது பூமிக்குக் கிட்டே வந்துபோய் இரண்டு நாள் ஆகியிருந்தது. கொஞ்ச நாள் பார்வையை வைத்து எட்டு வருடம் கழித்து எங்கே இருக்கும் என்று கேட்டால், கூம்பு பெரிதாகத்தான் இருக்கும். அதற்குள் பூமி ஒரு சின்னக் குண்டுமணி. ஒவ்வொரு இரவும் புதுப் புள்ளிகள் வந்தன, கூம்பு சுருங்கியது, பூமி உள்ளேயே இருந்தது, எண் ஏறியது. பிப்ரவரி கடைசியில் பூமி கூம்புக்கு வெளியே வந்தது.

எனவே, ‘3.1 சதவீதம்’ என்பது சிறுகோளின் குணத்தைச் சொல்லும் எண் அல்ல. அதைப் பற்றி அன்றைக்கு நமக்கு எவ்வளவு தெரியும் என்பதைச் சொல்லும் எண். சிறுகோளின் பாதை முதல் நாளிலிருந்தே ஒன்றுதான். மாறியது நம்முடைய அறிவு.

புயலோடு ஒரு வித்தியாசம் உண்டு. புயல் வேறு ஊரில் கரையைக் கடந்தாலும் நம் வீட்டுக்குள் தண்ணீர் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் ஆந்திரக் கரையைக் கடந்தபோது சென்னை மிதந்தது நினைவிருக்கும். சிறுகோள் அப்படி அல்ல. தள்ளிப் போய்விட்டால் போனதுதான்.

2004 டிசம்பர் 27: நாம் கவனிக்காத ஒரு செய்தி

இதைவிடப் பெரிய ஆள் ஒருவர் வரிசையில் இருக்கிறார். பெயர் அபோபிஸ். வரிசை எண் 99942. குறுக்களவு சுமார் 340 மீட்டர்.

2004 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் மூன்று பேர் இதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டே இரவுகள் பார்த்தார்கள். பிறகு கருவிக் கோளாறும் வானிலையும் கைவிட்டுவிட்டன. ஆமாம், 1872 நுங்கம்பாக்கம் கதையேதான்! நல்லவேளையாக, டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து அது மறுபடி சிக்கியது. உடனே கணக்குப் போட்டார்கள். 2029 ஏப்ரல் 13 அன்று பூமியில் மோத வாய்ப்பு. கிறிஸ்துமஸ் வாரத்தில் எண் ஏறிக்கொண்டே போய், டிசம்பர் 27 அன்று 2.7 சதவீதத்தைத் தொட்டது. ஆபத்தைக் குறிக்கும் டொரினோ அளவுகோலில் 4-வது நிலை. அந்த நிலையை எட்டிய ஒரே சிறுகோள் அபோபிஸ்தான்.

அந்த வாரம் சென்னையில் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்துவிட்டது. மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் பெசன்ட் நகர்க் குப்பங்களிலும் மக்கள் தங்கள் சொந்தங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 27 அன்றே இன்னொரு விஷயமும் நடந்தது. வேறு வேலைக்காக அந்த ஆண்டு மார்ச்சில் எடுத்த பழைய படங்களில் அபோபிஸ் மங்கலாகப் பதிவாகியிருந்ததைத் தேடி எடுத்தார்கள். சில மாதங்கள் பழைய புள்ளி ஒன்று கிடைத்ததும் கூம்பு சடாரென்று சுருங்கியது. 2029 மோதல் பட்டியலிலிருந்து நீங்கியது.

அந்த வாரத்தில் ஒரு பாடம் இருக்கிறது. அன்றைக்கு இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்க எச்சரிக்கை மையம் இல்லை. அதனால் அலை கரைக்கு வந்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது. சிறுகோளைக் கண்காணிக்க ஆள் இருந்தது. அதனால் 25 வருடம் முன்னதாகவே கேள்வி எழுந்தது, பதிலும் வந்தது. பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் அவகாசம் கிடைக்கும்.

பார்க்காவிட்டால்? 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே சுமார் 20 மீட்டர் கல் ஒன்று வெடித்தது. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் யாருமே முன்கூட்டிப் பார்க்கவில்லை. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கி சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். இன்றும் நம் கண்காணிப்பில் இருக்கும் பெரிய ஓட்டை இந்தச் சூரியப் பக்கம்தான்.

தமிழ்ப் புத்தாண்டு அதிகாலை 3.16 மணி

அபோபிஸ் மோதாது. ஆனால் வருகிறது. 2021 மார்ச்சில் ரேடார் அலைகளை அதன் மீது எறிந்து, 1.7 கோடி கி.மீ. தொலைவில் இருந்த அதன் தூரத்தைச் சுமார் 150 மீட்டர் துல்லியத்தில் அளந்தார்கள். அதன்பின், அடுத்த 100 வருடங்களுக்காவது மோதலுக்கு வாய்ப்பில்லை என்று நாசா அறிவித்தது. 2029-ல் அது எங்கே இருக்கும் என்ற கணக்கில் இருந்த பிழை, நூற்றுக்கணக்கான கி.மீ. என்பதிலிருந்து சில கி.மீ. ஆகிவிட்டது.

மிக அருகில் வரும் நேரம், இந்திய நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலை சுமார் 3.16 மணி. சித்திரை 1, சனிக்கிழமை. தரையிலிருந்து சுமார் 32,000 கி.மீ. உயரம். உங்கள் வீட்டு டிஷ் ஆன்டெனா பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள்கள் இருப்பது சுமார் 36,000 கி.மீ. உயரத்தில். அவற்றைவிடக் கிட்டே ஒரு சிறிய குன்று அளவு பாறை கடந்து போகப்போகிறது.

சென்னையில் தெரியுமா? 3.16 மணிக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அது அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேலே இருக்கும். நமக்கு அடிவானத்துக்குக் கீழே. ஆனால் அதற்கு முன்னால், ஏப்ரல் 13 வெள்ளிக்கிழமை இரவில், இந்தியப் பெருங்கடலுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மேலே அது பயணம் செய்யும் நேரம் நமக்கானது. இரவின் தொடக்கத்தில் தென் வானத்தில் இருந்து, நேரம் ஆக ஆக மேற்கே சரிந்து, நள்ளிரவுக்குப் பிறகு மறைந்துவிடும். எலியட்ஸ் பீச்சுக்கு ஓட வேண்டாம். அங்கே கடல் கிழக்கே இருக்கிறது. நமக்கு வேண்டியது தெற்கும் மேற்கும் மறைக்காத மொட்டை மாடி.

அதன் உச்சப் பிரகாசம் 3.1 என்ற அளவில் இருக்கும். நட்சத்திரப் பிரகாசத்தை இப்படி எண்ணால் சொல்லும் அளவுகோலுக்கு இன்றைய கணித வடிவத்தை 1856-ல் கொடுத்தவர் யார் தெரியுமா? அதே போக்சன். எண் ஐந்து கூடினால் பிரகாசம் நூறில் ஒரு பங்காகக் குறையும் என்பது அவர் வகுத்த கணக்கு. நமக்குத் தெரியும் நேரத்தில் அபோபிஸ் இன்னும் தள்ளியிருக்கும், உச்சத்தைவிட மங்கலாகவே இருக்கும். தி.நகர் விளக்கு வெளிச்சத்தில் வெறும் கண்ணால் பிடிப்பது கஷ்டம். ஒரு பைனாகுலர் இருந்தால் நல்லது. மகாபலிபுரம் தாண்டிப் போக முடிந்தால் இன்னும் நல்லது. அமாவாசையை ஒட்டிய இரவு என்பதால் நிலா வெளிச்சத்தின் தொந்தரவு இருக்காது.

இன்னொரு வேடிக்கை. கட்டை விரலை முகத்துக்கு முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மூடிக் கபாலி கோயில் கோபுரத்தைப் பாருங்கள். கண்ணை மாற்றினால் விரல் இடம் மாறும், கோபுரம் மாறாது. அபோபிஸ்தான் அந்த விரல், நட்சத்திரங்கள் கோபுரம். அது ஒரு லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கும்போது, சென்னையிலிருந்து பார்ப்பவருக்கும் சுமார் 1,750 கி.மீ. தள்ளி டெல்லியிலிருந்து பார்ப்பவருக்கும் அதன் இடம் சுமார் 1 டிகிரி வேறுபடும். இரண்டு முழு நிலாக்களை அடுத்தடுத்து வைத்த அகலம் அது. அதனால், ‘அபோபிஸ் இந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தெரியும்’ என்று எந்தச் செய்தி சொன்னாலும், எந்த ஊருக்கு என்று கேளுங்கள். ஓர் ஊருக்கான கணக்கு இன்னோர் ஊருக்குப் பொருந்தாது.

சென்னைக்கான கணக்கை நீங்களே எடுக்கலாம். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் நடத்தும் ‘ஹொரைசன்ஸ்’ என்ற இலவச இணையச் சேவையில் 99942 என்ற எண், உங்கள் இடம் (சென்னைக்கு வடக்கு 13.08, கிழக்கு 80.27), தேதி ஆகியவற்றைக் கொடுத்தால், நிமிடத்துக்கு நிமிடம் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று பட்டியல் வந்துவிடும். போன் போதும்.

பூமியின் ஈர்ப்பு அபோபிஸின் பாதையையே வளைத்துவிடும். இப்போது சுமார் 324 நாளில் சூரியனைச் சுற்றும் அது, அந்த இரவுக்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் அதிகமாக எடுத்துக்கொள்ளும். பழைய ஆறு எண்களும் செல்லாது. மறுபடியும் பார்க்க வேண்டும், மறுபடியும் கணக்குப் போட வேண்டும்.

யார் பார்க்கிறார்கள்?

போக்சனின் வேராவுக்குப் பிறகு நூறு வருடத்துக்கும் மேல் இங்கே ஓர் இடைவெளி. 1988 பிப்ரவரி 17 அன்று, சென்னையிலிருந்து சுமார் 200 கி.மீ. தள்ளி ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானியல் ஆய்வகத்தில் ஆர்.ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் 4130 ராமானுஜன். திருவல்லிக்கேணியில் வாழ்ந்து, துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அதே கணித மேதையின் பெயர்தான்.

இன்றைக்குத் தானியங்கித் தொலைநோக்கிகள் ஒரே இடத்தைச் சில நிமிட இடைவெளியில் மூன்று, நான்கு முறை படம் எடுக்கின்றன. நகரும் புள்ளியை மென்பொருள் பிடிக்கிறது. நேரமும் இடமும் அமெரிக்காவில் உள்ள சிறுகோள் மையத்துக்குப் போகின்றன. அங்கிருந்து எல்லாருக்கும் திறந்த பட்டியல். அதைப் பார்த்து உலகின் வேறு மூலைகளில் இருப்பவர்கள் அடுத்த புள்ளியைப் பிடிக்கிறார்கள். ஓர் ஊரில் மேகம் என்றால் இன்னோர் ஊர் இருக்கிறது. 1872-ல் போக்சனுக்கு இல்லாமல்போனது இதுதான்.

அடுத்த ஃபார்வர்டு வரும்போது

வரத்தான் போகிறது. நான்கு கேள்விகள் கேளுங்கள்.

எத்தனை நாள் பார்த்த கணக்கு? கண்டுபிடித்துச் சில வாரமே ஆகியிருந்தால், எண் இன்னும் மாறும். முதலில் ஏறவும் செய்யலாம்.

டொரினோ அளவுகோலில் எத்தனை? 0 முதல் 10 வரை. 0 என்றால் தூங்கப் போகலாம். 1 என்றாலும் வழக்கமான கண்காணிப்புதான்.

‘அருகில்’ என்றால் எவ்வளவு? வானியலில் 75 லட்சம் கி.மீ. கூட அருகில்தான். நிலா இருப்பது சராசரியாக 3.84 லட்சம் கி.மீ. தொலைவில்.

யார் சொன்னது? நாசாவின் ‘சென்ட்ரி’ பட்டியலும் ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஆபத்துப் பட்டியலும் பொதுவெளியில் இருக்கின்றன. அங்கே இல்லாத பெயர் குரூப்பில் மட்டும் இருந்தால், அது குரூப்பின் பிரச்சினை.

குரூப்பில் யாராவது, “இவங்களுக்கே ஒண்ணும் தெரியாது” என்று சொன்னால், பொறுமையாகப் புயல் கூம்பை வரைந்து காட்டுங்கள். எண் மாறுகிறது என்றால் யாரோ விழித்திருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மாறாமல் நின்றுபோன எண்ணும் ஒன்று உண்டு. மூன்றாவது காலையில் வானம் மூடிக்கொண்டதால் நுங்கம்பாக்கத்தில் பாதியில் நின்ற கணக்கு அது. 150 வருடம் தாண்டியும் ‘எக்ஸ்’ என்றே இருக்கிறது.